வீட்டு நிதியும் வங்கியும்

(மரக்காணத்துக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)

  

வீடு கட்டுவோர்க்குக் கடனுதவும் நிதியொன்று நிறுவ நம் சங்கத்தார் எண்ணியுள்ளனர். அது பின்னர் வங்கியாக ஓங்க வேண்டுமென்றும் சிலர் அவாவுகின்றனர். அவா நன்றே. ஆயினும், அவ்வழியில் முன் சென்றோர் பெற்றதையும் இழந்ததையும் அறிந்து அடியெடுத்து வைத்தல் நலம்.

மாரிக்காலத்தில் உப்பளத்தில் வேலையில்லை. கோடையிற் சேர்த்ததே ஐப்பசி, கார்த்திகையில் உலையேற்றும். ஆதலின் சிறுகச் சேர்த்தலின் அருமையை உங்கட்கு யான் எடுத்துரைக்க வேண்டுவதில்லை.

இங்கிலாந்தில் பர்மிங்காம் நகரத்தார் சிலர் 1775-ஆம் ஆண்டில் இத்தகைய வீட்டுச் சங்கமொன்று கண்டனர். உறுப்பினர் தவணைதோறும் பணஞ் செலுத்துவர். ஒருவர்பின் ஒருவராக வீடு பெறுவர். அனைவர்க்கும் வீடமைந்தபின் சங்கம் கலையும். நம் சீட்டு முறையை இஃது ஒத்ததன்றோ? கலையாது நிலைத்த சங்கங்கள் பின்னர்த் தோன்றின. அவை உறுப்பினரின் உடைமையாகவே இருந்தன. வங்கியாக மாற 1986-இல் சட்டம் இடந்தந்தது. நார்தர்ன் ராக் என்னும் சங்கம் 1997-இல் அவ்வாறு மாறிற்று. மக்களின் வைப்புப் பணத்தினும் சந்தையிற் பெறும் கடனையே அது மிகுதியும் நம்பிற்று. 2007 செப்டம்பரில் அக்கடன் வறளவே, பணம் போட்டோர் வாயிலில் வரிசையாக நின்றனர். மறு ஆண்டு அரசாங்கமே அதனை ஏற்க நேர்ந்தது.

இனி நம் நாட்டிற்கு வருவோம். தென்பாண்டிச் சீமையில் நாடார் வணிகர் தம் வியாபாரத்தில் ஒரு சிறு பங்கை மகமையென ஈந்து, பள்ளிகளும் பிற தருமங்களும் நடத்தினர். 1910-இல் மகாஜன சங்கம் கண்ட அச்சமூகத்தார், 1921-இல் தூத்துக்குடியில் நாடார் வங்கியை நிறுவினர். 1962-இல் அது தமிழ்நாடு மெர்க்கன்டைல் வங்கியெனப் பெயர் பூண்டு யாவர்க்கும் பொதுவாயிற்று. ஆனால் 1990-களில் அதன் பங்குகளிற் பெரும்பகுதி வெளியார் தொழிற்குழுமத்தின் கைக்குச் சென்றது. அவற்றை மீட்க அச்சமூகத்தார் பல்லாண்டு பாடுபட்டனர், பொருள் திரட்டினர், வழக்காடினர். முன்னோர் காசு காசாகச் சேர்த்ததை மக்கள் பெரும் பொருள் கொடுத்து மீட்க வேண்டியதாயிற்று!

இதனால் அறியத்தக்கது யாது? பணஞ் சேர்த்தல் அரிது; சேர்த்ததன் உரிமையைக் காத்தல் அதனினும் அரிது. ரிசர்வ் வங்கியின் உரிமமின்றி வங்கி நடத்துதல் சட்டப்படி ஆகாது. அந்நிலை எய்தும் நாள் தொலைவில் உள்ளது. இன்று நாம் செய்யத்தக்கவை மூன்று: நிதியை முறைப்படி பதிவு செய்க, எவரொருவரும் அளவுக்கு மிஞ்சிய பங்கு கொள்ளாதவாறு விதி வகுக்க, ஆண்டுதோறும் வரவுசெலவைப் பெண்டிரும் கேட்குமாறு சபையிற் படிக்க.

வரப்பில் நண்டு துளைத்த சிறு வளையாலும் பாத்தி நீர் வடிந்துபோம் என்பதை அளத்தில் உழைக்கும் நீங்கள் அறிவீர்கள். நிதிக்கும் வரப்பு வேண்டும். அவ்வரப்பு உங்கள் விழிப்பே.