சுமந்த தோள்கள் கேட்கின்றன



மும்பையின் மாடிகளுக்குச் சிமெண்டு சுமந்த தோள்கள் நம்முடையவை. அந்தச் சிமெண்டுக்காகச் சுண்ணாம்புக்கல்லைச் சுடும்போதே கரியமில வாயு கிளம்புகிறது. எரிக்கும் நிலக்கரியின் புகை அதற்கும் மேல். கட்டி முடித்த பின்னும், காற்று நுழையாத அறையில் இரவெல்லாம் மின்விசிறி சுழல்கிறது.

டென்மார்க் 2023-ல் பெரிய புதுக் கட்டிடங்களுக்கு வரம்பு விதித்தது: சதுர மீட்டருக்கு ஆண்டுக்கு 12 கிலோ கரியமில வாயு. கட்டுமானப் பொருளுக்கான புகையும் அதில் அடக்கம்.

நம் நாட்டில் 2022-ல் திருத்திய எரிசக்திச் சேமிப்புச் சட்டம், பெரிய குடியிருப்புகளையும் கட்டிட விதிக்குள் கொண்டுவர வழி வகுத்தது. ஏட்டில் இருந்தால் போதுமா? குடிசையை இடித்துவிட்டுத் தரும் வீட்டுக்கும் அவ்விதி வரட்டும். காற்றும் நிழலும் பணக்காரர் சொத்தா? செலவை நம் தலையில் கட்டாத விதியைக் கேட்போம், சேர்ந்து கேட்போம்!