சிறுசெலவுச் சுற்றுலா: குடும்பம் ஒன்றுகூடும் ஒரு நாள்

 

கவரைப்பேட்டையும் கும்மிடிப்பூண்டியும் ஆலைகளின் நேரப்படி கண்விழிக்கும் ஊர்கள். காலை முறைக்குச் செல்லும் தந்தை, பிள்ளைகள் எழுமுன்னரே புறப்பட்டுவிடுகிறார். இரவு முறை முடித்துத் திரும்புபவர் கண்ணயரும் வேளையில் பள்ளி வண்டி வாயிலில் வந்து நிற்கிறது. ஒரே கூரையின்கீழ் வாழ்ந்தும், வீட்டார் அனைவரும் ஒருசேர அமர்ந்து உண்பது வாரத்தில் ஒரு வேளை வாய்த்தாலே பெரிது. வந்தவாசி, ஆரணி, செஞ்சி, திண்டிவனம் வட்டாரச் சிற்றூர்களை விட்டுத் தொழில் நாடி நகர்ப்புறம் வந்த சமணக் குடும்பங்களுக்கும் இந்நிலை புதிதன்று.

இத்தகைய வாழ்வில் குடும்பச் சுற்றுலா என்பது ஆடம்பரம் அன்று. பிரிந்து கிடக்கும் நேரங்களை ஒன்றுசேர்க்கும் வழி. ஆயினும், "வசதி வரட்டும், பார்க்கலாம்" என்று அது ஆண்டுதோறும் தள்ளிப் போகிறது. வசதி வருமுன் பிள்ளைகள் வளர்ந்துவிடுகின்றனர். தாத்தாவும் பாட்டியும் நடை தளர்ந்துவிடுகின்றனர். மற்றொரு புறம், மலை வாழிடங்களுக்கும் கேளிக்கைப் பூங்காக்களுக்கும் கடன் பெற்றுச் சென்று, மூன்று நாள் மகிழ்ச்சிக்கு ஓராண்டு தவணை கட்டும் இல்லங்களும் உண்டு. இவ்விரண்டுக்கும் இடையே நல்லதொரு வழி இருக்கிறது.

ஒரு சுற்றுலாவின் செலவைக் கூர்ந்து நோக்கினால், அதைப் பெருக்குவன மூன்று என்பது விளங்கும்: வாடகை வண்டி, உணவகம், இரவுத் தங்கல். காலையில் சென்று பொழுது சாயுமுன் திரும்பும் பயணத்தில் மூன்றாவது இல்லை. பொதுப் போக்குவரத்தைக் கொண்டால் முதலாவது மிகச் சுருங்கும். எஞ்சுவது உணவு. சிராவக இல்லங்களில் வடிகட்டிய நீரும் வீட்டு உணவும் உடன் கொண்டு செல்வது வழிவழி வந்த பழக்கம். கதிர் மறையுமுன் உண்டு முடிக்கும் நெறியுடையோர் பகற்பொழுதுக்குள் வீடு திரும்பவே விழைவர். ஆகவே, சிக்கனச் சுற்றுலாவுக்கு வேண்டிய பயிற்சி இவ்வில்லங்களில் முன்னரே இருக்கிறது. புதிதாகக் கற்க வேண்டியது மிகுதியில்லை.

கவரைப்பேட்டையில் வாழ்வோர்க்கு வாய்த்த பெரும்பேறு, சென்னை – கும்மிடிப்பூண்டி புறநகர் மின்தொடர் வண்டி. அதில் இரண்டாம் வகுப்பின் குறைந்தபட்சக் கட்டணம் 5 ரூபாய். அடுத்த நிலையமான பொன்னேரிக்குப் பெரியவர் இருவர் சென்று திரும்ப 20 ரூபாய் போதும். ஐந்து வயது நிரம்பாத குழந்தைக்குச் சீட்டு வேண்டா. சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் மகளிர் கட்டணமின்றிச் செல்லும் ஏற்பாடு 2021 மே மாதம் தொடங்கியது. இவ்வளவு வசதி வாசலில் இருக்க, "போக வழியில்லை" என்று சொல்லுதல் பொருந்தாது.

பொன்னேரியிலிருந்து பேருந்தில் சென்றால் பழவேற்காடு. இந்தியாவின் உவர்நீர் ஏரிகளுள் ஒடிசாவின் சில்காவுக்கு அடுத்துப் பெரியது இவ்வேரி. குளிர்காலத்தில் பூநாரைகள் ஆழமற்ற நீரில் கூட்டமாக நின்று இரை தேடும் காட்சிக்கு எவரும் கட்டணம் கேட்பதில்லை. பறவையைக் கூண்டில் அடைக்காமல், அதன் இடத்திலேயே, தொலைவில் நின்று அமைதியாகக் காணப் பிள்ளைகள் பழகுவது தானே ஓர் அறப்பாடம். இவ்வூரில் டச்சுக்காரர்கள் 1613இல் கெல்டிரியா கோட்டையைக் கட்டினர். சோழமண்டலக் கரையின் துணிகள் இங்கிருந்து கீழைக்கடல் தீவுகளுக்குக் கப்பலேறின. அவர்தம் பழைய கல்லறைத் தோட்டத்தில் சிற்ப வேலைப்பாடுள்ள கற்களை இன்றும் காணலாம். பள்ளிப் புத்தகத்தில் ஒரு வரியாகப் படித்த வணிக வரலாறு, கைதொடும் கல்லாகப் பிள்ளையின் முன் நிற்கும்.

இங்கே ஓர் எச்சரிக்கையையும் சொல்லியாக வேண்டும். 2011 டிசம்பர் 25ஆம் நாள், விடுமுறையைக் கழிக்க வந்தோர் ஏறிய படகு இவ்வேரியில் கவிழ்ந்து 22 பேர் உயிரிழந்தனர். சிக்கனம் வேறு, துணிச்சலாட்டம் வேறு. "நூறு ரூபாய் கொடுத்தால் அழைத்துச் செல்கிறேன்" என்று எவர் கூப்பிட்டாலும், இசைவும் மிதவைச் சட்டையும் இல்லாத படகில் ஏறலாகாது. முகத்துவாரத்தில் நீரோட்டம் கண்ணுக்குத் தெரியாமல் இழுக்கும். அங்கே குளித்தலும் கூடாது. கரையில் நின்று காணும் காட்சியே ஒரு நாளுக்குப் போதுமானது.

கவரைப்பேட்டையின் வழியே செல்லும் பெருநெடுஞ்சாலையில் சென்னை நோக்கிச் சென்றால் புழல் வரும். அங்குள்ள பழைமையான ஆதிநாதர் ஆலயம் பலருக்கு அறிமுகமானதே. எனினும் பெரும்பாலோர் விழா நாளில் விரைந்து வணங்கித் திரும்புகின்றனர். விழாவற்ற ஒரு நாளில் அங்கே அமைதியாக அமர்ந்து, பாட்டி பேரப்பிள்ளைக்கு விருஷபதேவரின் வரலாற்றைச் சொல்வாராயின், அதற்கு ஈடான வகுப்பறை வேறில்லை.

மாவட்டத்தின் மேற்கே பூண்டி. கொசத்தலையாற்றின் குறுக்கே 1944இல் கட்டி முடிக்கப்பட்ட அந்த நீர்த்தேக்கம் சென்னையின் தாகம் தீர்ப்பது. அங்கே மாநிலத் தொல்லியல் துறையின் அருங்காட்சியகம் உள்ளது. அருகிலுள்ள அத்திரம்பாக்கத்தில் இராபர்ட் புரூஸ் ஃபூட் 1863இல் கற்கருவிகளைக் கண்டெடுத்தார். அவற்றுள் மிகப் பழையவை ஏறத்தாழ 15 இலட்சம் ஆண்டுத் தொன்மையுடையவை என 2011இல் வெளிவந்த ஆய்வு காட்டிற்று. இரும்பாலையில் உழைக்கும் தந்தை, மனிதன் செய்த தொல்பழங்கருவிகளைத் தம் மகனுக்குக் காட்டி, எவ்வாறு செதுக்கியிருப்பார்கள் என விளக்கும்போது, அத்தந்தையின் தொழிலும் பிள்ளையின் கண்ணில் உயரும்.

சென்னைக்குச் செல்வோர் ஒரு செய்தியை நினைவிற் கொள்ள வேண்டும். ஆலைப் பணியாளர் பலருக்கு வார விடுப்பு ஞாயிறன்று வருவதில்லை. எழும்பூர் அரசு அருங்காட்சியகத்திற்கு வெள்ளிக்கிழமை விடுமுறை. வண்டலூர் உயிரியல் பூங்காவிற்கும் கிண்டி சிறுவர் பூங்காவிற்கும் செவ்வாய்க்கிழமை விடுமுறை. இதை அறியாமல் பிள்ளைகளை அழைத்துச் சென்று, பூட்டிய வாயிலைக் கண்டு திரும்பினால் பணமும் மனமும் நோகும். வேலைநாளில் விடுப்புக் கிடைப்பது ஒருவகையில் நன்மையே. கூட்டமின்றி நின்று பார்க்கலாம். 1851இல் தொடங்கிய எழும்பூர் அருங்காட்சியகத்தில் தீர்த்தங்கரர் திருவுருவங்களும் உள்ளன. கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகத்தில் குழந்தைகளுக்கெனத் தனிப்பகுதியே உண்டு. அங்கே நுழைய ஒரு காசும் வேண்டா.

ஆண்டுக்கு ஒருமுறை சற்றே நீண்ட பயணம் மேற்கொள்ள இயலுமாயின், காஞ்சிபுரத்தை அடுத்த திருப்பருத்திக்குன்றம் செல்லலாம். வேகவதி ஆற்றங்கரையில் அமைந்த அந்தச் ஜினகாஞ்சித் தலத்தின் சங்கீத மண்டபத்தை, விசயநகரப் படைத்தலைவர் இருகப்பர் 1387ஆம் ஆண்டளவில் எடுப்பித்தார். அதன் விதானத்தில் தீர்த்தங்கரர் வரலாறுகள் வரிசை வரிசையாகத் தீட்டப்பட்டுள்ளன. ஓவியங்களின் கீழே விளக்கமும் எழுதப்பட்டுள்ளது. மேலே நோக்கிக் கதையைத் தொடர்ந்து செல்லும் பிள்ளைக்கு அரைநாள் போவதே தெரியாது. நான்கைந்து குடும்பங்கள் சேர்ந்து ஒரு வேன் அமர்த்தினால் செலவு பங்காகும், உறவும் வளரும். இவ்வாறே போளூர் வட்டாரத்துத் திருமலைக்கும் சென்று, பாறையில் பதினாறு அடிக்கு மேல் ஓங்கி நிற்கும் நேமிநாதரையும் குந்தவை பெயர் தாங்கிய ஜினாலயத்தையும் கண்டு வரலாம். மக்கள் வந்து போகும் கோயிலே விளக்கெரியும் கோயில். வருவோர் குறைந்த தலம், கல் உறுதியாக இருந்தும் மெல்ல மறக்கப்படும். அத்தலத்தின் பெயர் அறியாத பிள்ளை நாளை அதனைக் காக்க முன்வருவதில்லை.

இனித் தாய்மார்களைப் பற்றி ஒரு சொல். ஆறு மணி வண்டிக்காக மூன்று மணிக்கு எழுந்து சமைத்து, கட்டி, சுமந்து, திரும்பியபின் பாத்திரமும் துலக்கும் பெண்ணுக்கு அது சுற்றுலா அன்று. இடம் மாறிய அடுக்களை. புளியோதரையும் தயிர்ச்சாதமும் எல்லா முறையும் வேண்டுமென்பதில்லை. அவல், பொரிகடலை, வாழைப்பழம் கொண்டு ஒரு பகலை இனிதே கழிக்கலாம். காய் நறுக்குவது தந்தையின் பங்காகவும், நீர் வடிகட்டி நிரப்புவது பிள்ளைகளின் பங்காகவும் அமையட்டும். அந்நாளில் ஓய்வு பெறவேண்டியவர்களுள் தாயே முதல்வர்.

இல்லறத்தார்க்குரிய விரதங்களுள், செல்லும் திசைகளுக்கு எல்லை வகுத்துக்கொள்வதும், துய்க்கும் பொருள்களுக்கு அளவு வகுத்துக்கொள்வதும் உண்டு. எல்லை வகுத்தவர் உலகைச் சுருக்கிக்கொண்டவர் அல்லர்; கைக்கெட்டும் இடத்தை நன்கு காணக் கற்றவர். தொலைவான ஊரைத் தேடிக் கடன்படுபவர் அருகிலுள்ள ஏரியைக் கண்டிருப்பதில்லை. மிகுபொருள் விரும்பாமை என்னும் அறம் வீட்டுக் கணக்கில் மட்டுமன்று, விடுமுறைக் கணக்கிலும் பயன்படும்.

ஆகவே, ஒவ்வோர் இல்லத்திலும் இவ்வாண்டின் நாட்காட்டியில் நான்கு நாள்களைக் குறித்து வைத்தல் நன்று: குளிர்காலத்தில் பழவேற்காடு, பள்ளி விடுமுறையில் பூண்டி, வார விடுப்பு அமையும் நாளில் எழும்பூர், ஆண்டுக்கொரு முறை ஜினகாஞ்சி. பணி முறை மாறினால் நாளும் மாறலாம். நான்கு என்னும் எண்ணிக்கை மட்டும் குறையாதிருக்கட்டும். பிள்ளைகளிடம் ஒரு சிறு குறிப்பேட்டைத் தந்து, சென்ற இடத்தையும் ஆன செலவையும் அவர்களையே எழுதச் செய்யலாம். பெற்றோரின் உழைப்பு எவ்வளவு, அதை எவ்வாறு செலவிடுவது என்னும் கல்வி அந்தக் குறிப்பேட்டில் தொடங்கும்.

எல்லா இல்லங்களிலும் அன்பும் அறமும் பெருகுக! அனைத்துயிரும் இன்புற்று வாழ்க!