உடம்பினைப் பேணும் நெறி



திருமூல நாயனார் உடம்பை இழுக்கென்று தள்ளியவர் அல்லர். இறைவன் உறையும் கோயிலெனக் கண்டு பேணியவர். அவர் அருளிய திருமந்திரத்தின் மூன்றாம் தந்திரம், இருக்கையையும் மூச்சையும் நெறிப்படுத்தும் அட்டாங்க யோகத்தை விரித்துரைக்கின்றது. அபினி, ஹெராயின் முதலிய போதைப் பொருள்களினின்றும் மீள முயல்வோர்க்கு அந்நெறி எவ்வாறு துணையாகும் என்பதை இன்று சிந்திப்போம்.

போதையை விட்டவன் படும் பாடு கொடிது. எலும்பெல்லாம் வலிக்கும், வயிறு புரளும், மேனி வியர்த்து நடுங்கும், உறக்கம் வாராது. இவை அடங்கிய பின்னரும் வேட்கை பலநாள் நின்று வருத்தும். இதனை வெறும் ஒழுக்கக்கேடென்று இகழ்தல் தகாது. இது மூளையைப் பற்றிய நோய். நோயாதலின் மருந்தும் உண்டு. மெத்தடோன் என்னும் மருந்தை நாள்தோறும் அளந்து கொடுத்து அவ்வேட்கையைத் தணிக்கும் முறையை, நியூயார்க் நகரில் டோல், நைஸ்வாண்டர் என்னும் மருத்துவர் இருவர் 1965ஆம் ஆண்டு உலகிற்கு அறிவித்தனர்.

அமெரிக்காவில் 1997ஆம் ஆண்டு ஓர் ஆய்வு வெளிவந்தது. மெத்தடோன் மருத்துவம் பெற்ற 61 பேரை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவினர்க்கு ஹடயோகமும், மற்றவர்க்குக் குழுவாகக் கூடிப் பேசும் உளமருத்துவமும் அளித்து, ஆறு திங்கள் கவனித்தனர். இரு பிரிவினரிடத்தும் போதைப் பழக்கம் குறைந்தது. யோகம் மற்றதனை விஞ்சவில்லை. அதற்குத் தாழவும் இல்லை. இரு பிரிவினரும் மருந்தை விடவில்லை என்பதை நாம் நினைவிற் கொள்ளல் வேண்டும்.

முதுகை நிமிர்த்தி அமர்தல், மூச்சை அடக்காது மெல்ல வாங்கி அதனினும் மெல்ல விடுதல், கைகால்களை வருத்தாமல் நீட்டி மடக்குதல் ஆகிய இவையே போதும். வேட்கை அலைபோல் எழும். அமர்ந்திருப்பார்க்கு அஃது அடங்குதலும் புலப்படும்.

ஆயின், "விரதம் பூண்டேன், இனி மருந்து வேண்டா" என்று மருத்துவரைக் கேளாது நிறுத்துதல் பத்தியாகாது. சிலகாலம் போதையை விட்ட உடம்பு பழைய அளவைத் தாங்காது. மீண்டும் அவ்வளவே கொண்டால் மூச்சு நின்று உயிர் போம். கைக்கோல் கிடைத்ததென்று காலை வெட்டுவார் உண்டோ?

சூலை நோயால் வருந்தி நாவரசர் தமக்கையாரிடம் மீண்டு வந்தபோது, திலகவதியார் கதவை அடைத்தாரல்லர். திருநீறு அளித்துத் திருவதிகைத் திருக்கோயிலுக்கு உடன் அழைத்துச் சென்றார். நம் வீட்டு வாயிலிலும் அவ்வாறு ஒருவன் வந்து நிற்கக்கூடும். அவனை மருத்துவரிடமும் உடன் அழைத்துச் செல்வோம். அவனருகே நாமும் அமர்ந்து மூச்சை நெறிப்படுத்துவோம்.

திருச்சிற்றம்பலம்.