கயிறு கட்டியது யார்?

(சத்தியமங்கலத்தில் மில் தொழிலாளர், விவசாயத் தொழிலாளர் கூட்டத்தில் ஆற்றிய உரை)



சந்தா சேர்க்க ஒரு காலனிக்குப் போயிருந்தோம். இன்னும் பொழுது விடியவில்லை. குடிசைக்குள் மூளை வளர்ச்சி குன்றிய ஒரு சிறுவன். காலில் பழஞ்சேலைத் துண்டு. மறுமுனை கட்டில் காலில். தாய் மல்லிகை பறிக்கப் புறப்பட்டுக்கொண்டிருந்தாள். “ஏன் ஆத்தா இப்படி?” என்றோம். “அவுத்து உட்டா கிணத்துல உழுந்துருவானுங்க. நானும் கூடவே இருந்தா ரெண்டு பேருக்கும் சோறு ஏதுங்க?” என்றாள். நம்மிடம் பதில் இல்லை.

அவளைக் கொடுமைக்காரி என்போமா? பிள்ளையைக் கட்டியது தாயின் கை. கயிறு திரித்தது வறுமை!

முன்ஜென்ம பாவம் என்கிறார்கள் சிலர். போலியோவையும் அப்படித்தான் சொன்னார்கள். 1995 முதல் நாடெங்கும் சொட்டு மருந்து கொடுத்தார்கள். 2014-ல் போலியோ ஒழிந்த நாடென்று சான்று கிடைத்தது. பாவம் தீர்ந்தா நோய் போயிற்று? மருந்து வந்ததால் போயிற்று!

கட்டிப்போடுவது எங்கே கொண்டுபோய் விடும்? 2001 ஆகஸ்ட் 6-ல் ஏர்வாடியில், சங்கிலியில் கிடந்த மனநோயாளிகள் 28 பேர் தீயில் கருகினார்களே!

சட்டம் இல்லாமலில்லை. 2016-ம் வருஷச் சட்டப்படி 40 சதவீதமும் அதற்கு மேலும் ஊனமுள்ள பிள்ளைகளுக்கு 6 முதல் 18 வயது வரை இலவசக் கல்வி உரிமை. பலர் முன்னிலையில் வேண்டுமென்றே இழிவுபடுத்தினால் 6 மாதம் முதல் 5 வருஷம் வரை சிறை. ஆனால் மத்திய சர்க்காரின் ஊனமுற்றோர் பென்ஷன் மாதம் 300 ரூபாய்; அதுவும் 18 வயதுக்கு மேல்தான். பிள்ளைக்கு ஒன்றுமில்லை! மாநில சர்க்கார் 2023 ஜனவரியில் பராமரிப்பு உதவியை 2000 ஆக்கியது. அதை வாங்கவும் சான்றிதழ் வேண்டும். தாளவாடியிலிருந்து பிள்ளையைத் தூக்கிக்கொண்டு திம்பத்தின் 27 வளைவு இறங்கி வந்தால் அன்றைய கூலி போச்சு.

ஆகவே கேட்போம்: மலைக் கிராமங்களிலேயே சான்றிதழ் முகாம்! தாய்மார் வேலை நேரத்தில் பிள்ளைகளுக்குப் பகல் காப்பகம்! விலைவாசிக்கேற்ற உதவித்தொகை!

நம் பங்கும் உண்டு. ‘நொண்டி’, ‘லூசு’ என்ற சொல் நம் வாயிலிருந்தும் வருகிறது, இன்றோடு நிறுத்துவோம். அடுத்த கூட்டத்துக்குள் அவரவர் தெருவில் இப்படிப்பட்ட பிள்ளைகள் எத்தனை பேர், யாரிடம் சான்றிதழ் இல்லை என்று எழுதி வாருங்கள். மனுவோடு தாலுகா ஆபீசுக்குச் சேர்ந்து போவோம்.

அந்தக் கயிற்றை அந்தத் தாயால் தனியாக அவிழ்க்க முடியாது. நாம் சேர்ந்தால் முடியும்!