இறக்கத்துக்கு ஏற்ற பட்டை, பட்டைக்கு ஏற்ற ஷாக்



கொல்லிமலையில் சரக்கு கீழ்நோக்கித்தான் போகிறது. எடப்புளி நாடு, வளப்பூர் நாடு, தேவனூர் நாடு என்று மலைமேல் இருக்கும் 14 நாடுகளில் எங்கிருந்து புறப்பட்டாலும் அன்னாசியும் பலாவும் மலைவாழையும் மிளகும் காப்பியும் ஏற்றிக்கொண்டு வண்டி கீழே இறங்கியாக வேண்டும். காரவள்ளிப் பாதையில் மட்டும் 70 கொண்டை ஊசி வளைவுகள். திரும்பி ஏறும்போது பெரும்பாலும் சுமை குறைவு. முழுப் பாரத்தோடு இறக்கம், லேசான வண்டியோடு ஏற்றம். மலை வண்டியின் பின்பக்கத்துப் பட்டையையும் (லீஃப் ஸ்பிரிங்) ஷாக் அப்சார்பரையும் தேர்ந்தெடுப்பவர் முதலில் மனத்தில் வைக்க வேண்டியது இதைத்தான். சமவெளிக் கடையில் பளபளப்பாகத் தொங்கும் பொருளைப் பார்த்து முடிவு செய்பவருக்கு இது தெரிவதில்லை.

நம் மலைகளில் ஓடிய பழைய மஹிந்திரா கமாண்டர் ஜீப்புக்கு நான்கு சக்கரத்திலும் பட்டைதான். பொலேரோவுக்கு முன்னால் சுருள் ஸ்பிரிங், பின்னால் பட்டை. 2020இல் வந்த புதிய தார், பின்பக்கமும் சுருளுக்கு மாறிவிட்டது. கூர்க்காவும் ஜிம்னியும் அப்படியே. சுருள் ஸ்பிரிங் கரடுமுரடில் சொகுசாகப் போகும், சக்கரத்தை நன்றாகத் தொங்கவிடும். ஆனால் மூட்டை ஏற்றுகிறவருக்கு இன்றும் பட்டைதான் துணை. அச்சு ஹவுசிங்கைத் தாங்குவது, அது முன்பின் நகராமல் பிடிப்பது, பாரம் சுமப்பது என்று எல்லா வேலையையும் அந்த ஒரே எஃகுக் கட்டு பார்த்துக்கொள்கிறது.

இங்கே அடிக்கடி நடக்கும் ஒரு தவறைச் சொல்ல வேண்டும். வண்டியின் பின்பக்கம் தாழ்ந்துவிட்டது என்று ஷாக்கை மாற்றுகிறார்கள். சாதாரண எண்ணெய் ஷாக் பாரம் சுமப்பதில்லை, சுமப்பது பட்டை. இது வில்லுக்குப் பேர்போன வல்வில் ஓரியின் மலை. வளைத்த வில் விட்டதும் தெறித்து நிமிரும் என்பதை இங்கே யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. பட்டையும் அப்படித்தான் தெறிக்கும். அந்தத் தெறிப்பை அடக்கும் வேலைதான் ஷாக்குடையது. உள்ளே இருக்கும் எண்ணெய் சிறு துளைகள் வழியாகத் திணறிப் போகிறது. சக்கரத்தின் துள்ளல் சூடாக மாறி வெளியேறுகிறது. இதிலிருந்தே ஒரு சோதனை கிடைக்கிறது. கல் ரோட்டில் நன்றாக ஓடி வந்ததும் இரண்டு பின் ஷாக்குகளையும் கவனமாகத் தொட்டுப் பாருங்கள். ஒன்று சூடாகவும் மற்றது ஜில்லென்றும் இருந்தால் ஜில்லென்று இருப்பது வேலை செய்யவில்லை.

சரி, பாரம் தாங்கவில்லை, ஒரு பட்டை சேர்க்கலாமா? சேர்க்கலாம், கணக்கோடு. ஐந்து பட்டைக் கட்டில் அதே தடிமனில் ஆறாவதைச் சேர்த்தால் விறைப்பு சுமார் 20 சதவீதம் கூடும். தடிமனைக் கூட்டினால் கணக்கு வேறு. 7 மில்லிமீட்டர் பட்டைக்குப் பதில் 8 மில்லிமீட்டர் போட்டால் அந்தப் பட்டையின் விறைப்பு ஏறக்குறைய ஒன்றரை மடங்கு ஆகிவிடும். பாரம் இருக்கும்போது இது சுகம். காலியாக ஏறும்போது பின் சக்கரம் தரையைப் பிடிக்காமல் துள்ளும். மழை நாளில் வளைவில் பின்பக்கம் நழுவும். அதனால் முழு நேரமும் விறைப்பாக இருக்கும் கட்டைவிட, பாரம் ஏறிய பிறகு மட்டும் கை கொடுக்கும் ஹெல்பர் பட்டை நம் மலைக்குப் பொருத்தம்.

இன்னொரு ஆபத்து கண்ணுக்குத் தெரியாதது. பல பிக்கப் வண்டிகளில் பின் ஹவுசிங்குக்கும் சேஸிஸுக்கும் நடுவே ஒரு கம்பியோடு பிரேக் வால்வு இருக்கும். வண்டி எவ்வளவு அமுங்கியிருக்கிறது என்பதை வைத்துப் பாரத்தை அளந்து, பின் பிரேக்குக்கு எவ்வளவு அழுத்தம் அனுப்புவது என்று தீர்மானிப்பது அது. கனத்த பட்டை போட்டு வண்டியை உயர்த்திவிட்டால், இரண்டு டன் ஏற்றினாலும் வண்டி அமுங்காது. வண்டி காலி என்று வால்வு எடுத்துக்கொண்டு பின் பிரேக்கைக் குறைத்துவிடும். முன் பிரேக் மட்டும் உழைத்துக் காய்ந்தபடி 70 வளைவு இறங்குவது எப்படி இருக்கும் என்று நீங்களே யோசியுங்கள். பட்டையைத் தொட்டால் அந்த வால்வின் கம்பியையும் கம்பெனி சொன்ன அளவுக்குச் சரிசெய்யச் சொல்லுங்கள்.

இனி ஷாக். வாங்கும்முன் ஷாக் மாட்டும் இரண்டு இடங்களுக்கு நடுவே இரண்டு அளவு எடுங்கள்: ஹவுசிங் முழுதாகத் தொங்கும்போது ஒன்று, பம்ப் ஸ்டாப் ரப்பரில் முட்டும்போது ஒன்று. விரிந்த ஷாக் முதல் அளவைவிடச் சற்று நீளமாகவும், சுருங்கிய ஷாக் இரண்டாம் அளவைவிடக் குட்டையாகவும் இருக்க வேண்டும். இல்லையென்றால் ஒவ்வொரு குழியிலும் அடி ஷாக்கின்மேல் விழுந்து, மாட்டும் காது பிய்ந்துவிடும். பட்டையை விறைப்பாக்கினால் தெறிப்பும் பலமாகும். அதற்கு ஏற்றபடி விரியும்போது அதிகமாக அடக்கும் ஷாக் வேண்டும். இரண்டையும் சேர்த்தே தேர்ந்தெடுப்பது நல்லது.

ஒற்றைக் குழாய் வாயு ஷாக் சீக்கிரம் சூடு ஆறும். ஆனால் வெளிக்குழாயில் ஒரு கல் அடித்துச் சொட்டை விழுந்தால் உள்ளே பிஸ்டன் சிக்கிவிடும். இரட்டைக் குழாய் ஷாக் அந்த அடியைப் பொறுக்கும், விலையும் குறைவு. பக்கத்தில் தனி எண்ணெய்க் குப்பி வைத்த விலை உயர்ந்த ஷாக்குகள் பாலைவனத்தில் மணிக்கு நூறு கிலோமீட்டருக்கு மேல் பறக்கும் பந்தய வண்டிகளுக்கானவை. எடப்புளி நாட்டுக் கிளைப் பாதையில் இரண்டாம் கியரில் போகும் வண்டிக்கு அந்தச் செலவு தேவையில்லை என்பது என் கருத்து.

வண்டியை அங்குலம் அங்குலமாக உயர்த்தும் மோகத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. உயரம் கூடினால் வளைவில் சாய்வு கூடும். புரொப்பெல்லர் ஷாஃப்ட்டின் கோணம் மாறி ஜாயின்ட் தேயும். பிரேக் ஹோஸ் இழுபடும். சட்டமும் இடம் தருவதில்லை. தயாரிப்பாளர் கொடுத்த வடிவத்துக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2019 ஜனவரியில் தீர்ப்பளித்தது. பட்டை எத்தனை போட்டாலும் பதிவுப் புத்தகத்தில் உள்ள எடை கூடப்போவதில்லை. ஹவுசிங்கும் டயரும் பிரேக்கும் பழையவைதானே.

நமக்கு ஒரு வசதி உண்டு. லாரி பாடி கட்டுவதில் நாடறிந்த நாமக்கல் மலைக்கு அருகிலேயே இருக்கிறது. பட்டை வேலை தெரிந்த கைகளுக்கு அங்கே பஞ்சமில்லை. ஆனால் அந்தக் கைகளிலும் தரம் பார்க்க வேண்டும். தொய்ந்த பட்டையைத் தீயில் காய்ச்சி வளைவு ஏற்றி, முறையாகப் பதம் போடாமல் மாட்டினால் அது சீக்கிரமே பழையபடி தொய்ந்துவிடும். நல்ல மெக்கானிக் பட்டைக்குப் போகும் முன் டயர் காற்று, தேய்ந்த புஷ், ஷாக்கிள், தளர்ந்த யூ போல்ட் ஆகியவற்றைப் பார்ப்பார்; பாதி சத்தமும் பாதி ஆட்டமும் அங்கேயே தீர்ந்துவிடும். வேலை முடிந்து சில நாள் ஓடியதும் யூ போல்ட்டை மறுபடி இறுக்க வரச் சொல்வார். எல்லாவற்றுக்கும் மேலாக, "என்ன ஏத்துவீங்க, எந்த வழியா இறங்குவீங்க?" என்று முதலில் கேட்பார். அப்படிக் கேட்காமல் விலைப் பட்டியலை நீட்டுகிறவரிடம் வண்டியை விடாதீர்கள்.