வந்த பூச்சியும் இருந்த பூச்சியும்

(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய உரை)



2016-ஆம் ஆண்டில் பொள்ளாச்சிப் பக்கத்துத் தென்னந்தோப்புகளிலும் நம் பாலக்காட்டுத் தோப்புகளிலும் ஒரு புதிய வெள்ளை ஈ தோன்றியது. ஓலையின் அடிப்புறத்தில் சுருள் சுருளாக முட்டையிட்டு, மெழுகு போன்ற வெண்பொடியால் மூடி, சாற்றை உறிஞ்சி, எஞ்சிய இனிப்பு நீரைக் கீழே சொரியும் பூச்சி அது. அவ்வினிப்பு நீர் விழுந்த இடமெல்லாம் கரும்பூசணம் படரும். கீழோலைகள் கறுக்கும், தோப்பின் ஊடுபயிராகிய வாழையும் கறுக்கும். இதற்குச் சுருள் வெள்ளை ஈ என்று பெயர். அறிஞர்கள் இதனை முதன்முதலில் விவரித்தது 2004-இல்; அதுவும் நடு அமெரிக்காவிலுள்ள பெலீஸ் நாட்டில்.

சித்தூரிலும் கொழிஞ்சாம்பாறையிலும் தென்னையை நம்பி வாழும் நம்மவர் அன்று கேட்ட கேள்விகள் இரண்டு. கடல் கடந்த இப்பூச்சி இங்கே எப்படி இவ்வளவு பெருகியது? இதற்கு எந்த மருந்தை அடிப்பது? இவ்விரண்டுக்கும் விடை தேடினால், அது நம்மைத் தீவுகளுக்கு அழைத்துச் செல்லும்.

தீவுகளுக்கு ஏன் செல்ல வேண்டும்? பெருநிலத்தில் ஆயிரமாயிரம் உயிர்கள் ஒன்றோடொன்று பின்னிக் கிடப்பதால், எது வந்தது, எது போனது என்று பிரித்தறிவது கடினம். தீவோ இயற்கை தன் வரவு செலவைச் சிறியதொரு பேரேட்டில் எழுதி வைத்திருக்கும் இடம். அங்குள்ள உயிரினங்கள் சில. கடல் சூழ்ந்ததால் வருவன அரிதாகவே வரும். புதிதாக ஒன்று வந்து இறங்கினால் அதன் விளைவு பளிச்சென்று தெரிந்துவிடும்.

முதலில் பசிபிக் பெருங்கடலிலுள்ள சமோவாத் தீவைப் பார்ப்போம். நாம் காண்டாமிருக வண்டு என்றும், மலையாள நண்பர்கள் கொம்பன் செல்லி என்றும் அழைக்கும் கருவண்டை அறியாத தென்னை விவசாயி இல்லை. நம் நாட்டில் அது தொன்றுதொட்டு உள்ளது, தொல்லை தருகிறது, ஆயினும் தென்னையை அது அழித்துவிடவில்லை. 1909-ஆம் ஆண்டில் இலங்கையிலிருந்து சமோவாவுக்கு இரப்பர் நாற்றுகள் கப்பலில் சென்றன. அவற்றோடு இவ்வண்டும் சென்றது. அங்கே அதனைக் கட்டுப்படுத்தும் நோயோ பகையோ இல்லை. மட்கிய மரங்களில் புழு பெருகிற்று. வண்டு குருத்துக்குள் புகுந்தது. தென்னையே வாழ்வாகக் கொண்ட தீவினர் தவித்தனர். அடுத்த அரை நூற்றாண்டில் பசிபிக்கின் வேறு பல தீவுகளுக்கும் அது பரவியது. 1963-இல் ஹூகர் என்னும் ஜெர்மானிய அறிஞர் மலேயாவில் இவ்வண்டைக் கொல்லும் ஒரு வைரஸைக் கண்டறிந்தார். 1967-இல் அது சமோவாவில் விடப்பட்டது. வண்டின் ஆட்டம் வெகுவாக அடங்கிற்று. 1980-களில் நம் லட்சத்தீவின் மினிக்காய்த் தீவிலும் இம்முறை கையாளப்பட்டுப் பயன் தந்தது. இங்கே அடங்கியிருந்த வண்டு அங்கே அரக்கனானது ஏன் என்பதைச் சிந்திக்க வேண்டும். பூச்சி மாறவில்லை, அதன் பகைவர் கப்பலில் ஏறவில்லை, அவ்வளவே!

அடுத்து, இந்துமாக்கடலில் சாவகத்துக்குத் தெற்கே ஆஸ்திரேலியாவுக்கு உரிய கிறிஸ்துமஸ் தீவு உள்ளது. பரப்பு 135 சதுர கிலோமீட்டர். அதன் காட்டுத் தரையைத் தூய்மை செய்பவை கோடிக்கணக்கான செந்நண்டுகள். அவை சருகையும் இளங்கன்றையும் தின்று காட்டுக்கு ஓர் ஒழுங்கைத் தந்தன. 1915-க்கும் 1934-க்கும் இடையில் மஞ்சள் கிறுக்கு எறும்பு அங்கே வந்து சேர்ந்தது. பல ஆண்டுகள் அது இருந்த இடம் தெரியாமல் இருந்தது. 1989-இல் முதன்முறையாக அதன் மாபெருங் கூட்டம் காணப்பட்டது. பிறகு அவ்வெறும்புகள் அமிலம் பீச்சிக் கோடிக்கணக்கில் நண்டுகளைக் கொன்றன. நண்டு மறைந்த இடத்தில் செடிகள் நெருங்கி முளைத்துக் காட்டின் வடிவமே மாறியது.

எறும்புக்கு அத்தனை வலிமை எங்கிருந்து வந்தது? மரங்களில் ஒட்டிக்கொண்டு இனிப்பு நீர் சொரியும் செதிற்பூச்சிகள் அதற்கு உணவூட்டின. அவற்றுள் முக்கியமான அரக்குச் செதிற்பூச்சியும் வெளியிலிருந்து வந்ததே. வந்த ஒன்று, வந்த மற்றொன்றை வளர்த்தது! எறும்பை நஞ்சிட்டு அழிக்கும் முயற்சி மீண்டும் மீண்டும் செய்ய வேண்டியதாயிற்று. ஆகவே அறிஞர்கள் அதன் உணவுக் களஞ்சியத்தைக் குறிவைத்தனர். செதிற்பூச்சியின் உடலில் முட்டையிடும் சிறு குளவியை மலேசியாவிலிருந்து தருவித்து, பல ஆண்டுகள் சோதித்து, 2016 டிசம்பரில் விட்டனர். இதே எறும்பு 2022-இல் திண்டுக்கல் மாவட்டத்துக் கரந்தமலை அடிவாரத்து ஊர்களில் கால்நடைகளையும் மக்களையும் வருத்திய செய்தியை நாம் படித்தோம்.

நெப்போலியன் சிறையிருந்து மாண்ட செயிண்ட் ஹெலினாத் தீவில், உலகில் வேறெங்கும் இல்லாத கோந்து மரம் ஒன்று உண்டு. 1990-களின் தொடக்கத்தில் வேற்று நாட்டுச் செதிற்பூச்சி ஒன்று பற்றி, எஞ்சிய மரங்களும் பட்டுப்போகத் தொடங்கின. 1993-இல் கென்யாவிலிருந்து கொண்டு வரப்பட்ட ஒரு சிறு பொறிவண்டு அம்மரங்களைக் காத்தது.

இவற்றால் நாம் அறிவது யாது? ஒரு பூச்சி கெடுதல் செய்வது அது வந்தது என்பதனால் மட்டும் அன்று. தன்னைக் கட்டுப்படுத்தும் சுற்றத்தை விட்டுத் தனியே வந்தது என்பதனால். அச்சுற்றத்தில் தக்க ஒன்றைத் தேடிச் சேர்த்தால் கணக்கு நேராகும். ஆயினும் தேர்வு கவனமாக நடைபெற வேண்டும். கரும்பு வண்டைத் தின்னும் என்று 1935-இல் ஹவாய்த் தீவிலிருந்து ஆஸ்திரேலியாவுக்குக் கொண்டுபோன தேரை, கரும்பு வண்டை விட்டுவிட்டு நாட்டையே நிறைத்தது. ஆய்ந்து விட்ட குளவி காத்தது. ஆராயாமல் விட்ட தேரை கெடுத்தது.

இனி நம் தோப்புக்குத் திரும்புவோம். சுருள் வெள்ளை ஈயின் குஞ்சுக்குள் முட்டையிட்டு அதனை உள்ளிருந்தே உண்ணும் ஒரு நுண்குளவி நம் தோப்புகளில் உள்ளது. அதன் அறிவியற்பெயர் மேற்கிந்தியத் தீவுகளில் ஒன்றாகிய குவாதலூப்பின் பெயரைத் தாங்கியது. இதன் உறவான மற்றொரு வெள்ளை ஈ 1993-இல் கேரளத்துக்கு வந்தது. அதனைத் தொடர்ந்து இக்குளவியும், யாரும் திட்டமிட்டுக் கொணராமலே, லட்சத்தீவில் வந்து சேர்ந்திருந்ததை ஆராய்ச்சியாளர்கள் 2000-ஆம் ஆண்டளவில் பதிவு செய்தனர். இப்பொழுது அதுவே தென்னைக்குத் துணை நிற்கிறது. கடும் பூச்சிக்கொல்லியை அடித்தால் ஈ சாவதற்கு முன் இக்குளவியே சாகும். ஆதலால்தான் காசர்கோட்டு மத்தியத் தோட்டப்பயிர் ஆராய்ச்சி நிலையத்தார் இரசாயன மருந்தைத் தவிர்க்குமாறும், குளவியைப் பேணுமாறும், கரும்பூசணத்தை அகற்ற மாவுக் கஞ்சி தெளிக்குமாறும் கூறினர்.

கோவையில் 2008-இல் தோன்றிய பப்பாளி மாவுப்பூச்சியின் கதையும் இத்தகையதே. பப்பாளி, மல்பெரி, மரவள்ளி ஆகியவற்றை அது வாட்டியது. 2010-இல் போர்ட்டோ ரிக்கோத் தீவிலிருந்து குளவிகள் வந்தன, பெருக்கி விடப்பட்டன, அத்தொல்லை தணிந்தது. தீவொன்று நமக்குச் செய்த உதவி அது.

கடல் சூழ்ந்தது மட்டுமே தீவு என்பதில்லை. பாலக்காட்டுக் கணவாய் ஏறத்தாழ 30 முதல் 40 கிலோமீட்டர் அகலமுள்ளது. அதன் வடக்கே நீலகிரி. தெற்கே ஆனைமலையும், 2695 மீட்டர் உயர்ந்த ஆனைமுடியும், ஏலமலையும். குளிர்ந்த சோலையில் வாழும் உயிருக்கு நடுவேயுள்ள வெப்பச் சமவெளி ஒரு கடலே ஆகும். அச்சோலைக்கே உரிய பூச்சி, சோலை அழிந்தால் வேறெங்கும் போக இயலாது. எனவே வந்ததைப் பற்றிக் கவலைப்படும் நாம், இருந்ததையும் எண்ண வேண்டும். இடுக்கியின் ஏலத்தோட்டங்களில் நம் மக்கள் பறிக்கும் காய் ஒவ்வொன்றும் தேனீயின் கூலி. ஏலப்பூவின் அமைப்பு, பூச்சி வந்து தீண்டினாலன்றி மகரந்தம் சூல்முடியைச் சேராதபடி உள்ளது. இந்தியத் தேனீயும் மலைத்தேனீயும் அவ்வேலையைச் செய்கின்றன. 1991-92-இல் ஒரு வைரஸ் நோயால் தென்னிந்தியாவில் இந்தியத் தேனீக் குடும்பங்கள் பெரும்பகுதி மடிந்தன. பின்னர்க் கேரளத்தில் இத்தாலியத் தேனீ வளர்க்கப்படலாயிற்று. நோயைத் தாங்கி எஞ்சிய கூடுகளிலிருந்து நம் தேனீ மெல்ல மீண்டது. பூத்த தோட்டத்தில் காலை வேளையில் மருந்து தெளிப்பது, மீண்டு வந்த அவ்வேலையாளை மறுபடியும் துரத்துவதாகும்.

ஈண்டு ஒன்று சொல்லியாக வேண்டும். பூச்சி நூலோர் ஆளும் "வந்தேறி" என்னும் சொல்லைச் சிலர் மனிதர்மேல் எறிவதை நாம் கேட்டிருக்கிறோம். அவ்வொப்புமை பொருந்தாது. தேயிலைக்கும் ஏலத்துக்கும் உழைக்க மலையேறியவர்கள் இம்மண்ணின் மொழியைக் கற்றார்கள். அண்டை வீட்டாரின் ஓணத்தில் உண்டு, தம் பொங்கலில் அவர்களுக்கு ஊட்டினார்கள். பூச்சி தன் செயலை அறியாது. மனிதன் அறிவான், பொறுப்பும் ஏற்பான். ஆகவே இவ்வுரையில் நாம் கூறியன பூச்சிக்கே உரியன, மக்களுக்கு அல்ல.

முடிவாக மூன்று வேண்டுகோள். ஊருக்குப் போய்த் திரும்பும்போது நாற்றோ பதியனோ கொண்டு வருவோர் இலையின் அடிப்புறத்தையும் வேர் மண்ணையும் நன்கு பார்த்துக் கொணர்க. இரயில் நிலையப் பணியில் உள்ள நாம் நாற்றுக் கட்டுகள் நாள்தோறும் இறங்குவதைக் காண்கிறோம். சமோவாவுக்குச் சென்ற வண்டும் அத்தகைய நாற்றோடுதான் சென்றது. இரண்டாவது, புதுப் பூச்சி கண்டால் அஞ்சி உடனே நஞ்சு தெளியாது, வேளாண் அலுவலரிடம் இலையோடு காட்டிக் கேட்டறிக. மூன்றாவது, வீட்டுப் பிள்ளைகளுக்குத் தென்னோலையின் அடியில் உருப்பெருக்கிக் கண்ணாடி வைத்துக் காட்டுக. கறுத்துப்போன வெள்ளை ஈக் குஞ்சைக் கண்டால் அதனைத் துடைக்கவும் வேண்டா, மருந்தடிக்கவும் வேண்டா. அதனுள் குளவி வளர்கிறது என்று சொல்லிக் கொடுங்கள். அவ்வோலை மரத்திலேயே இருக்கட்டும்.