பார்க்கிங்கில் ஒரு கண்



நம்ம கல்லூரி சைக்கிள் ஸ்டாண்டு ஞாபகமிருக்கா? யார் யாரோடு வந்தார்கள் என்பது அந்தக் காவல்காரருக்கு அத்துப்படி. வெளியே ஒரு வார்த்தை வராது.

இப்போது அந்த வேலையைக் கேமரா பார்க்கிறது. என் நண்பர் ஒருவரின் மகள், இங்கே ஒரு கல்யாண மண்டபத்து பார்க்கிங்கில், கூட வேலை பார்க்கும் பையனோடு பத்து நிமிஷம் பேசிக்கொண்டிருந்தாள். சாயங்காலத்துக்குள் அந்தப் படம் சொந்தக்காரர் செல்போனில்! கேட்டால், "வண்டிங்க பாதுகாப்புக்குத்தானே சார் வெச்சிருக்கோம்" என்கிறார்கள். சரி, அந்தப் பெண்ணுக்கு?

பொது இடம்தானே என்பார்கள். 2017 ஆகஸ்ட் 24-ல் புட்டசாமி வழக்கில், அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று உச்ச நீதிமன்றத்தின் 9 நீதிபதிகள் ஒருமனதாகச் சொன்னார்கள். பொது இடத்தில் நிற்பதாலேயே அது பறிபோகாது என்பதும் அந்தத் தீர்ப்பில் உண்டு.

காரைக்கால்காரர் என்பதால் பிரெஞ்சு சட்டத்தையும் புரட்டினேன். அவர்கள் சிவில் சட்டத்தின் 9-ஆம் பிரிவில் அந்தரங்க உரிமையை எழுதியது 1970-ல். நாம்தான் 1954-லேயே கிளம்பிவிட்டோமே!

நமக்கு 2023-ல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. விதிகள் 2025 நவம்பரில். முக்கியக் கடமைகளுக்கு அதிலிருந்து 18 மாத அவகாசம். அதுவரை காத்திருக்கணுமா? மண்டபம், கடை வைத்திருக்கும் நண்பர்களே, கேமரா இருப்பதை போர்டில் எழுதி வையுங்கள். பழைய பதிவை அழித்துவிடுங்கள். போலீஸ் எழுதிக் கேட்டால் கொடுங்கள். மாமா, மச்சான் கேட்டால் கொடுக்காதீர்கள்.

அந்தப் பெண் இப்போதெல்லாம் வண்டியைத் தெருக்கோடியில் நிறுத்திவிட்டு நடந்துதான் வருகிறாள்.